நாற்பது வயசு பக்கியும் நாக்தேவி பேரிங்கும்

கே.ஒய்.சி. இல்லாமல் எங்கள் தொழிலில் எதுவும் நகராது. அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

பெயர்: ஹாட்ஷாட். தகப்பனார்: டாமியா கம்பெனி, ஷிசுவோகா, ஜப்பான். பிறந்த வருடம்: 1985. தொழில்: ரேடியோ ரிமோட்டில் மண்ணில் ஓடும் பந்தய பக்கி; நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு; நான்கு சக்கரமும் இழுக்கும். நிரந்தர முகவரி: தென்காசி, மாமா வீட்டுப் பரண். தற்போதைய முகவரி: விக்ரோலி கிழக்கு, எங்கள் பால்கனி, ஷூ ஸ்டாண்டின் மேல் தட்டு.

பக்கி என்றதும் நம்மூர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். மணலிலும் மேட்டிலும் துள்ளி ஓடும் திறந்த வண்டிக்கு அதுதான் பேர். "உங்க பக்கியை எடுத்து உள்ள வைங்க" என்று தங்கமணி சொல்லும்போது மட்டும் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று எனக்கே சந்தேகம் வரும் :-)

இதை வாங்கியது என் தாய்மாமா. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். 1986-ல் லீவுக்கு வந்தபோது மகனுக்காக வாங்கி வந்தார். அத்தானுக்கு அப்போது எட்டு வயசு. இரண்டு கோடை விடுமுறை ஓடியது. அப்புறம் பேட்டரி செத்தது. அந்த பேட்டரிக்குத் தென்காசியில் எங்கே போவது? வண்டி பரணுக்குப் போனது. அத்தான் படித்து நியூ ஜெர்சிக்குப் போனார். நான் பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, டிரான்ஸ்பர் டிரான்ஸ்பராகச் சுற்றி பம்பாய்க்கு வந்து சேர்ந்தேன்.

2023-ல் ஊருக்குப் போயிருந்தபோது மாமா அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார். அவருக்கு இப்போது 76. கண் நீர் அழுத்த நோய் பார்வையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. வெளிச்சம், இருட்டு, ஆள் அசைவு, அவ்வளவுதான் தெரியும்.

"ஏல மருமகனே, இத ஓட வச்சுக் காட்டு. நான் பாக்கவா போறேன், சத்தத்தக் கேட்டாப் போதும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே நியூ ஜெர்சியிலிருந்து அத்தான் போன். "அத ஒண்ணும் பண்ணிராத. ஒரிஜினல் 85 மாடல். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சா போதும். ஒரு ஓட்டை போட்டாலும் அதோட மதிப்பு போச்சு." அவர் சொல்வதிலும் தப்பில்லை. அவருடைய எட்டு வயசு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

விக்ரோலி வந்து சேர்ந்தால் மூன்றாவது ஆள் தயார். என் மகள், அப்போது ஆறாம் வகுப்பு. கண்ணம்வார் நகர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பையன்கள் புது ரிமோட் வண்டிகளைக் கொண்டுவந்து புழுதி கிளப்புவார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது அவங்க வண்டிய ஜெயிக்குமாப்பா?"

ஆக ஒரே வண்டிக்கு மூன்று முதலாளிகள். ஒருவருக்குச் சத்தம் வேண்டும், ஒருவருக்கு ஒரிஜினல் வேண்டும், ஒருத்திக்கு வேகம் வேண்டும். மூன்று பேருக்கும் கையெழுத்து போடும் அதிகாரம் உள்ள ஜாயின்ட் அக்கவுண்ட்!

வேலையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம், ஏனென்றால் எது உடையும், எது உடையாது என்பது அதில்தான் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் பத்தில் ஒரு பங்கு எலெக்ட்ரிக் பக்கிப் பந்தயம் உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அதற்கான முதல் உலகப் போட்டி 1985-ல் கலிபோர்னியாவில் டெல் மார் என்ற ஊரில் நடந்தது. ஃபோர் வீல் டிரைவ் பிரிவில் யோகோமோ வண்டி ஓட்டிய கில் லோசி ஜூனியர் ஜெயித்தார். அன்றைக்கு எல்லா கம்பெனிக்கும் ஒரே தலைவலி: பின்னால் இருக்கும் மோட்டாரின் பலத்தை முன் சக்கரத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? கியோஷோவின் ஆப்டிமா சைக்கிள் மாதிரி செயின் போட்டது. இங்கிலாந்தின் ஷுமாக்கர் கேட் என்ற வண்டி பெல்ட் போட்டது. 1987 உலகப் போட்டியில் ஜப்பானின் மசாமி ஹிரோசாகா அதை ஓட்டித்தான் ஜெயித்தார். டாமியா தன்னுடைய முதல் ஃபோர் வீல் டிரைவ் பக்கியான ஹாட்ஷாட்டில் நடுவில் ஒரு ஷாஃப்ட் வைத்தது, நம்மூர் ஜீப்பில் இருக்கிற மாதிரி.

செயினில் மண் ஏறும், பெல்ட்டில் கல் மாட்டும். ஷாஃப்ட்டில் அந்தத் தொல்லை குறைவு, எல்லாம் மூடிய டப்பாவுக்குள் கிரீஸில் சுற்றும். ஆனால் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் பலம் திசை திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தில் இருக்கும் சின்ன கியர்கள்தான் மோட்டாரின் கோபத்தை முதலில் வாங்குபவை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது வேலை.

எதையும் கழற்றுவதற்கு முன் நான் போட்ட ஒரே விதி: திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்வதில்லை. துளை போடுவதில்லை, அறுப்பதில்லை, பசை போட்டு ஒட்டுவதில்லை. கழற்றிய ஒவ்வொரு ஒரிஜினல் பாகமும் ஜிப் கவருக்குள் போகும். கவர் மேல் தேதி, எங்கிருந்து கழற்றியது, பதிலுக்கு என்ன போட்டது என்று எழுதப்படும். வவுச்சர் இல்லாமல் பணம் வெளியே போகாது என்கிற அதே பழக்கம்தான். இதைச் சொன்னதும் அத்தான் குரல் பாதி இறங்கியது.

முதலில் ஸ்க்ரூ. ஜப்பான் வண்டிகளின் ஸ்க்ரூத் தலை பார்க்க நம்ம ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும், ஆனால் அந்தக் குறுக்கு வெட்டு ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் அளவு. சாதாரண ஸ்டார் டிரைவர் போட்டால் அழுத்தும்போது நழுவித் தலையைத் தின்றுவிடும். அதற்கென்று இருக்கும் டிரைவரை வாங்கிக்கொண்டுதான் தொடவேண்டும். இன்னொன்று, திரும்ப மாட்டும்போது. இந்த ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் தாங்களே மரை வெட்டிக்கொள்பவை. ஏற்கெனவே மரை இருக்கும் துளையில் அப்படியே முறுக்கினால் இரண்டாவது மரை வெட்டும். மூன்று நாலு தடவை அப்படி ஆனால் துளை தொளதொளத்துவிடும். முதலில் பின்பக்கமாகத் திருப்பவேண்டும். ஒரு இடத்தில் 'டக்' என்று லேசாக இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து முன்பக்கம் முறுக்கினால் வெண்ணெயாக ஏறும். மாமாவிடம் இதைச் சொன்னேன். "இதுகூடத் தெரியாமலா பேங்கு நடத்துதீங்க?" என்றார்.

அடுத்தது பிளாஸ்டிக். சுமார் முப்பத்தைந்து வருஷம் பரண் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் எல்லாம் ஒரே மாதிரி கிழடு தட்டுவதில்லை. நைலான் பாகங்கள் தம்மிடம் இருக்கும் ஈரம் வற்றினால் மொறுமொறுவென்று ஆகும். கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு எடுத்தால் ஈரத்தைத் திரும்பக் குடித்து மறுபடி வளையும். வீட்டுப் பாத்திரத்தை இதற்குக் கேட்டபோது என்ன நடந்தது என்பதை எழுதப் போவதில்லை. தனிப் பாத்திரம் வாங்கிவிட்டேன். மற்ற பிளாஸ்டிக்குகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. விரிசல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இங்கேதான் நமக்கு அதிர்ஷ்டம். டாமியா 2007-ல் ஹாட்ஷாட்டை மறுபடி தயாரித்து விற்றது. அதற்கான உதிரி பாகங்களில் பெரும்பாலானவை பழைய வண்டிக்கும் பொருந்தும். கம்பெனியைப் பல காலம் நடத்திய ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில் 90 வயதில் காலமானார். அவர் காலத்தில் பழைய மாடல்களைத் திரும்பக் கொண்டுவராமல் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் பாதி வண்டியை வைத்துக்கொண்டு மீதிக்குப் பிரார்த்தனை பண்ணவேண்டியதுதான்.

பாகம் இருக்கிறது, ஆனால் இந்தியாவுக்குள் வரவேண்டுமே. கஸ்டம்ஸ் அட்டவணையில் பொம்மையும் ஓடும் மாடலும் ஒரே தலைப்பில் வருகின்றன, 9503. அந்தத் தலைப்புக்கு இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. சரி, அத்தான் அன்பளிப்பாக அனுப்பட்டுமே என்றால், ஐயாயிரம் ரூபாய்க்குள் வரும் கிஃப்ட் பார்சலுக்கு இருந்த சலுகையையும் 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1985 வண்டியின் சஸ்பென்ஷன் கையை உள்ளூரில் யாரும் தயாரிக்கவில்லையே! சிங்கப்பூர், துபாய் என்று யார் போய் வந்தாலும் அவர்களுக்கு ஒரு சின்ன லிஸ்ட் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கிளை மாறிப் போன பழைய சகாக்கள்கூட இப்போது என் போனை எடுக்க யோசிக்கிறார்கள்.

ஆனால் இந்த வண்டியின் மிகப் பெரிய முன்னேற்றத்துக்குக் கடல் தாண்டவே வேண்டியிருக்கவில்லை. மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் நாக்தேவி தெரு. ஹார்டுவேரும் பேரிங்கும் டூல்ஸும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கடைகள். நம்ம வண்டியில் பல இடங்களில் பால் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ்தான் இருந்தது. காலிப்பரில் அளந்தால் பெரும்பாலான இடத்தில் உள் விட்டம் 5 மி.மீ., வெளி விட்டம் 11, அகலம் 4. ரிமோட் வண்டிக்காரர்கள் இதை 1150 என்பார்கள். நாக்தேவியில் அந்தப் பேர் சொன்னால் விழிப்பார்கள். அங்கே அதற்குப் பேர் எம்.ஆர். 115. பேரைச் சரியாகச் சொன்னால் பொம்மைக்கா, பம்புக்கா என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை டஜன் என்றுதான் கேட்பார்கள்.

பக்கத்தில் இரும்பு மூடி போட்டது, ரப்பர் சீல் போட்டது என்று இரண்டு தினுசு உண்டு. ரப்பர் சீல் லேசாக இழுவை கொடுக்கும், சுற்றுவது ஒரு பிடி குறைவு. ஆனாலும் நமக்கு அதுதான். விக்ரோலியின் கிழக்கே அலையாத்திக் காடு, அதைத் தாண்டினால் தானே கழிமுகம். உப்புக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மூடி இடுக்கில் புகுந்த ஈரம் ஒரு மாதத்தில் பேரிங்கைத் துருவாக்கிவிடும். புஷ்ஷைக் கழற்றி பேரிங் போட்ட அன்றைக்கு, மோட்டாரை இணைக்காமல் சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டினோம். முன்னால் இரண்டு சுற்றில் நின்றது, இப்போது நின்று பார்க்கும் அளவுக்குச் சுற்றியது. மோட்டாரைத் தொடவே இல்லை, ஆனால் வேகமும் பேட்டரி ஓடும் நேரமும் கூடும். வீணாகப் போய்க்கொண்டிருந்ததை மிச்சம் பிடித்தது, அவ்வளவுதான்.

ஷாக் அப்சார்பர் விஷயம் ஒரு வேடிக்கை. ஹாட்ஷாட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆக இரண்டேதான். இடது வலது இரண்டு சக்கரமும் ஒரே ஷாக்கில் தொங்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்குவதை அது பார்த்துக்கொள்ளும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்வதை அதனால் தடுக்க முடியாது. அந்த வேலை குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் கம்பியுடையது. அந்தக் கம்பி கொஞ்சம் கோணினாலும் வண்டி ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காகத் திரும்பும். பின்னால் வந்த சூப்பர் ஹாட்ஷாட்டில் பின்பக்கம் இரண்டு ஷாக் வைத்துவிட்டார்கள். நாங்கள் ஒன்றையே வைத்துக்கொண்டு, ஓ-ரிங்கை மாற்றி, புது சிலிக்கான் எண்ணெய் ஊற்றினோம். கண்ட எண்ணெயை ஊற்றக்கூடாது, ஓ-ரிங் உப்பிக்கொள்ளும். தவிர, சிலிக்கான் எண்ணெய் சூட்டில் சட்டென்று தண்ணியாகிவிடாது. மே மாத பம்பாய்க்கு அது முக்கியம்.

அடுத்து கரண்ட். பழைய வண்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. ஒரு சின்ன சர்வோ மோட்டார் ஒரு கையை நகர்த்தும், அந்தக் கை செம்புத் தகடுகள்மேல் உரசிப் போய் மூன்று படியாக வேகம் கொடுக்கும். வீட்டு ஃபேனுக்கு இருந்த பழைய கட்டை ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். மெதுவாகப் போகும்போது மிச்சக் கரண்ட் எல்லாம் ரெசிஸ்டரில் சூடாகப் போகும். அதைக் கழற்றிக் கவரில் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர் வைத்தோம்.

ரேடியோவும் மாறியது. பழையது 27 மெகாஹெர்ட்ஸ், கிறிஸ்டல் போடுவது. ஒரே கிறிஸ்டலில் இரண்டு வண்டி மைதானத்தில் இருந்தால் ஒருத்தர் ரிமோட்டுக்கு இன்னொருத்தர் வண்டி ஆடும். புதியது 2.4 கிகாஹெர்ட்ஸ், எத்தனை வண்டி ஓடினாலும் ஒன்றோடு ஒன்று மோதாது. இந்த அலைவரிசையில் குறைந்த பலமுள்ள கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று இந்திய அரசு 2005-ல் விதி போட்டது, ஆகவே சட்டப்படியும் நிம்மதி. லாமிங்டன் ரோட்டில் சாலிடர், வயர், கனெக்டர் எல்லாம் ஒரே நடையில் முடிந்தது.

ஸ்டியரிங்கில் ஒரு சின்னப் பாகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சர்வோ சேவர். சர்வோவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஸ்பிரிங். சக்கரம் கல்லில் மோதினால் அந்த ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும், சர்வோவுக்குள் இருக்கும் பொடிக் கியர்கள் தப்பிக்கும். மேல் மாடியில் ஒரு மராத்திக்காரர், இந்தப் பைத்தியத்தில் எனக்கு இருபது வருஷம் சீனியர். அவர் சொன்னார்: "பாவ், இந்த வண்டியிலேயே புத்திசாலியான பாகம் இதுதான். எங்கே தோற்கவேண்டும் என்று அதற்குத் தெரியும்."

பேட்டரிக்கு வருவோம். அந்தக் காலத்து நிக்கல் காட்மியத்துக்குப் பதில் இப்போது லித்தியம் பாலிமர், இரண்டு செல், 7.4 வோல்ட். நிறைய சார்ஜில் 8.4. மோட்டார் இழுக்கும்போது வோல்ட் படுத்துவிடாது, அதுதான் பெரிய லாபம். ஆனால் இன்றைய பேட்டரிகள் செங்கல் மாதிரி சதுர மூலையோடு வருகின்றன. ஹாட்ஷாட்டின் பேட்டரி அறை, உருண்டை செல்கள் அடுக்கிய பழைய பேட்டரிக்காகச் செய்தது. பலர் அறையின் விளிம்பைச் சீவிவிடுவார்கள். நமக்குத்தான் அறுக்கக்கூடாது என்ற விதி இருக்கிறதே. மூலை உருட்டிய லித்தியம் பேட்டரி என்றே தனியாக இருக்கிறது, தேடிப் பிடிக்கவேண்டும். இந்த பேட்டரியை ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் கெட்டுவிடும், அதனால் கன்ட்ரோலரில் அதற்கு முன்பே நிறுத்தும் வசதி இருக்கவேண்டும். எடுத்து வைக்கும்போது 3.8-ல் வைக்கவேண்டும். சார்ஜ் போடும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், டைல்ஸ் தரையில் வைத்து, துணிமணிக்கு எட்டத்தில். இது பொம்மை விஷயம் இல்லை.

இதெல்லாம் முடிய ஒன்பது மாதம். மோட்டாரைப் பற்றி இன்னும் பேசவே இல்லை, கவனித்தீர்களா?

பழைய மோட்டார் 540 என்ற வகை, கார்பன் பிரஷ் உரசிச் சுற்றுவது. சுமையில்லாமல் நிமிஷத்துக்குச் சுமார் 15,000 சுற்று. இன்றைக்குப் பையன்கள் வைத்திருப்பது பிரஷ் இல்லாதது. 3,300 கேவி என்று போட்டிருந்தால் ஒரு வோல்ட்டுக்கு 3,300 சுற்று என்று கணக்கு, 8.4 வோல்ட்டில் 27,700-ஐத் தாண்டும். கிட்டத்தட்ட இரண்டு பங்கு. மகள் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினாள்.

மேல் மாடிக்காரர் தன் கதையைச் சொன்னார். அவரிடமும் அதே காலத்து ஷாஃப்ட் வண்டி ஒன்று உண்டு. அவர் ஆரம்பித்ததே மோட்டாரில். முதல் நாளே முன்பக்க பெவல் கியரின் பல் போனது. இரும்பில் மாற்றினார். அடுத்த மாதம் சக்கரத்துக்குப் போகும் கம்பியின் மூட்டு முறுக்கிக்கொண்டது. அதையும் எஃகில் மாற்றினார். இப்போது எல்லாம் கெட்டி, ஆகவே கியர் டப்பாவே பிளந்தது. டப்பாவுக்கு மாற்று கிடைக்கவில்லை. வண்டி இப்போது அவர் ஷோகேஸில் இருக்கிறது.

எனக்கு இது நன்றாகப் புரிந்தது. பலவீனம் ராஜினாமா செய்வதில்லை, டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு அடுத்த கிளைக்குப் போகிறது. இன்றைய வண்டிகளில் திடீர் பலத்தை வழுக்கவிட ஸ்லிப்பர் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. ஹாட்ஷாட்டில் இல்லை. மோட்டார் உதைத்தால் அந்த உதை நேராகக் கியருக்குப் போகும். அதனால்தான் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே வரவேண்டும்: பேரிங், ஷாக், கிரீஸ், மூட்டு, கரண்ட். மோட்டார் கடைசி. பழைய வண்டியில் எது உடையவேண்டும் என்று நாம் முடிவு செய்துவைக்க வேண்டும்; கடையில் கிடைக்கிற சின்ன பாகமாக அது இருக்கவேண்டும். நாம் முடிவு செய்யாவிட்டால் வண்டியே முடிவு செய்யும், அதுவும் கிடைக்காத பாகமாகப் பார்த்து.

ஆனாலும் மகளின் கேள்வி பாக்கி இருந்தது. மேல் மாடிக்காரர் தன் பிரஷ் இல்லாத மோட்டாரையும் கன்ட்ரோலரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கொடுத்தார். கிளம்பும் வேகத்தைக் கன்ட்ரோலரில் நன்றாகக் குறைத்துவைத்து ஓட்டினோம். வண்டி பறந்தது. பொய் சொல்லவில்லை, எனக்கே கை தட்டத் தோன்றியது. பையன்கள் ஓட்டுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். மகள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

வழக்கம்போல மாமாவுக்குப் போன் போட்டு மைதானத்து ஓரம் நீட்டிப் பிடித்தேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இப்படித்தான். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். புது பேரிங் போட்ட வாரம், "வலது பின் சக்கரத்துல ஒண்ணு நரநரங்குது, கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்றார். கழற்றிப் பார்த்தால் வலதா இடதா என்பதில்தான் தப்பு. நரநரத்தது உண்மை.

இந்தத் தடவை கொஞ்ச நேரம் கேட்டார். "வண்டி கெளம்பிட்டால?" என்றார்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு மாமா. உங்க பேத்தி ஓட்டுதா."

"அப்படியா. எனக்கு ஃபேன் சத்தம்லா கேக்கு." அப்புறம், "நல்லா ஓடுதா? புள்ள சந்தோசமா இருக்காளா? அது போதும்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் அவளுக்குப் பரீட்சை. அடுத்த ஞாயிறு காலையில் அவளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தாள். "பழைய மோட்டாரையே போடலாம்ப்பா. தாத்தாவுக்குக் கேக்கணும்ல." ஜெயிக்கணும்னு சொன்னியே என்றேன். "அது நான் பாத்துக்கறேன்."

540 மோட்டாரில் ஒரு சங்கடம், அதன் டப்பா அடைத்தது, பிரஷ் மட்டும் தனியாக மாற்ற முடியாது. நல்லவேளை, அந்த வகை மோட்டார் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஒரிஜினல் கவருக்குள் போனது, அதே ஜாதியில் புதுசு உள்ளே வந்தது. முதலில் 3 வோல்ட்டில் சில நிமிஷம் சும்மா சுற்றவிட்டால் பிரஷ் முகம் வளைவாகப் படிந்துகொள்ளும், ஆயுசும் கூடும். அந்த உறுமல் திரும்பி வந்தது. கியர் கோத்த சத்தமும் பிரஷ் உரசும் சத்தமும் சேர்ந்து, பழைய மாவு மெஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி.

பந்தயம் என்னாச்சு என்று கேட்பீர்கள். காய்ந்த தரையில் நேர்க்கோட்டில் பையன்களைப் பிடிக்க முடியாது, முடியவே முடியாது. ஐந்து வண்டியில் நாலாவது, நல்ல நாளில் மூன்றாவது. ஆனால் அவர்களில் மூன்று பேருடையது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. போன அக்டோபரில் ஒரு தூறலுக்குப் பிறகு தரை சொதசொதவென்று இருந்தபோது அவர்களுடைய பலம் எல்லாம் ஒரே இடத்தில் சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. நம்ம கிழவர் நாலு காலாலும் பிடித்துக்கொண்டு போனார். இரண்டாவது இடம்! முதல் இடம் இன்னும் பாக்கி. மகள் இப்போது வேகத்தை விட்டுவிட்டு வளைவில் எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்று பழகிக்கொண்டிருக்கிறாள். அது எந்தக் கடையிலும் கிடைக்காத அப்கிரேடு என்று மேல் மாடிக்காரர் சொல்கிறார்.

அத்தானுக்கும் கணக்கு ஒப்படைத்தாயிற்று. இதுவரை 41 கவர். மஞ்சள் அடித்து நொறுங்க ஆரம்பித்திருந்த ஒரிஜினல் பாடியும் தனிப் பெட்டியில், பேப்பர் சுற்றிப் பத்திரமாக. எப்போது வேண்டுமானாலும் ஒரு வார இறுதியில் 1986-க்குத் திருப்பிவிடலாம். போட்டோ அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "அடுத்த லீவுக்கு வரும்போது எனக்கும் ஒரு ரவுண்டு குடுப்பாளா?" என்று கேட்டிருந்தார். மகளிடம் கேட்டேன். பேட்டரி சார்ஜ் பண்ணித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்திருக்கிறது.

இப்போதைக்குப் பாக்கி வேலை: முன் கியர் டப்பாவைத் திறந்து பழைய கிரீஸை வழித்துப் புதுசு போடவேண்டும், மழைக்கு முன் எல்லா சக்கர பேரிங்கையும் ஒரு தடவை கழற்றிப் பார்க்கவேண்டும், ஒரு செட் டயர் யாராவது சிங்கப்பூரிலிருந்து கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனை இப்போதெல்லாம் மகளே போடுகிறாள். "தாத்தா, கேக்குதா?" என்று கேட்டுவிட்டு என் கையில் கொடுத்துவிடுவாள். சேறு தெறிக்காத தூரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் டூட்டி.